'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொன்ன பிறகு

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜங்ஷனும் விருத்தகிரீஸ்வரர் கோயிலும் நினைவுக்கு வரும். அடுத்ததாகப் பீங்கான். கொலுப்படியில் நிற்கிற பொம்மை, கார்த்திகை அகல், மின்கம்பத்து ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி என்று இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து போகாத வீட்டுச் சாமான் குறைவு. சிட்கோ செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் படிப்புக்கென்றே உள்ள அரசுக் கல்லூரியும் இங்கேதான் இருக்கின்றன. நெய்வேலிப் பக்கத்துக் களிமண் கிட்டத்தில் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம்.

அந்தத் தொழிலில் முப்பது வருடம் அரவை மில்லில் நின்ற ஒருவரின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பல தெருக்களில் இருக்கக்கூடிய வீடுதான். வயது அறுபதைத் தாண்டவில்லை. கட்டிலில் இருந்து கழிவறைக்குப் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. நுரையீரலில் வந்திருப்பது குணமாகக்கூடியது இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, டாக்டர் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார்: "இனிமே இங்க வச்சிப் பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இந்த வாக்கியத்தைக் கேட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பெரும்பாலானவர்கள் இதை "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். அடுத்த சில மாதங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் என்ன செய்வது? முதுகில் புண் வந்தால் யார் கட்டுப் போடுவது? மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டால் மறுபடி கடலூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

போக வேண்டியதில்லை. வீட்டுக்கு அனுப்பிய நாளில் வேறொரு சேவை தொடங்க வேண்டும். அது உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. கேட்டால் வரும். கேட்க வேண்டும் என்பது தெரியாமல் போவதுதான் சிக்கல்.

அந்தச் சேவையின் பெயர்

அரசு ஆவணங்களில் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்று எழுதுவார்கள். டாக்டர்கள் 'பாலியேட்டிவ் கேர்' என்பார்கள். நோயை விரட்ட முடியாதபோதும் நோயாளியின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைக் குறைப்பது இதன் வேலை. அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கைகொடுப்பதும் இதே வேலையில் சேர்ந்ததுதான்.

இது புற்றுநோய்க்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர், இதயம் பலவீனமானவர், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர், நுரையீரல் கெட்டுப்போனவர், பார்கின்சன் முற்றியவர், மறதி நோயில் இருக்கும் பாட்டி என எல்லோருக்கும் இது பொருந்தும். கடைசி வாரத்துக்கு மட்டுமானது என்பதும் தவறு. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே, டயாலிசிஸ் போய்வந்துகொண்டிருக்கும்போதே இதைத் தொடங்கலாம். சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது என்றும், அவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே கிடைக்கிறது என்றும் உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 1967இல் லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய ஹாஸ்பிஸ்தான் இந்தத் துறைக்கு நவீன வடிவம் கொடுத்தது. நம் பக்கத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், ஆஸ்பத்திரிக் கட்டடத்தை விட்டு வீடுகளுக்குப் போகும் முறையை வளர்த்தது. 2008இல் கேரளம் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டில் இது பரவலாக வீட்டுவாசலுக்கு வந்தது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக.

சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் அது பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் வட்டார அளவில் நோய் ஆதரவு சிகிச்சைக்கென ஒரு செவிலியரும், ஒரு இயன்முறை மருத்துவரும், அவர்கள் போய்வர வாகனமும் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்த செய்தி எல்லா டி.வி.யிலும் வந்தது. ஆனாலும் படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு டிரெஸ்ஸிங் செய்ய அதே திட்டத்தில் ஆள் வருவார் என்பதை அந்தச் செய்தியிலிருந்து எத்தனை பேர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்?

யாரிடம், எப்படிக் கேட்பது

கிராமமாக இருந்தால் உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ, மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ சொன்னால் போதும். விருத்தாசலம் நகராட்சிக்குள் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். சுற்றுவட்டாரத்தில் விருத்தாசலம், கம்மாபுரம், நல்லூர், மங்களூர் ஒன்றியங்களில் இருப்பவர்கள் அந்தந்த வட்டார அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வட்டார மருத்துவ அலுவலரைப் பார்க்கலாம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டில் ஒருவர் போனால் போதும்.

யாரைக் கேட்பது என்றே தெரியவில்லையா? 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மாநில அரசின் மருத்துவ உதவி எண் அது. "எங்க வீட்ல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காரு, நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் வரணும்" என்று சொல்லி, ஒன்றியம், கிராமம் அல்லது வார்டு எண்ணைக் கொடுங்கள். 'ஆஸ்பத்திரி' என்று பொதுவாகச் சொன்னால் 108க்கு வழிகாட்டிவிட வாய்ப்பு உண்டு. அதனால் 'நோய் ஆதரவு' என்ற சொல்லை விடாதீர்கள். கேட்டும் ஆள் வரவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100இல் புகாரைப் பதிந்து, அந்தப் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். புகார் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். எங்கே ஆள் போதவில்லை என்பது மேலே தெரிவதற்கு அந்த எண்தான் வழி.

செவிலியர் முதல் முறை வரும்போது மொபைல் உங்களுக்குப் பெரிய உதவி. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, பயாப்ஸி முடிவு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து ஒரே ஆல்பத்தில் போட்டு வையுங்கள். மூச்சுத்திணறல் ராத்திரியில் வந்து பகலில் அடங்கிவிடும். பகலில் வருகிற செவிலியருக்கு அது தெரியாது. அரை நிமிட வீடியோ எடுத்துவைத்துக் காட்டினால் வார்த்தையில் சொல்வதைவிட நன்றாகப் புரியும். வீட்டு லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் "மாரியம்மன் கோயில் பக்கத்து சந்து" என்று நாலு தடவை விளக்க வேண்டாம்.

வந்தவர் என்ன செய்வார்? வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண்ணால் கேட்பார். படுக்கைப் புண் இருக்கிறதா என்று இடுப்பு, குதிகால், முதுகு பார்ப்பார். கட்டுப் போடுவார், மூக்குக் குழாயையும் மூத்திரக் குழாயையும் பார்ப்பார், வாய் சுத்தம் செய்யக் காட்டுவார். இதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி உங்களுக்குக் கற்றுக்கொடுப்பது.

"அக்கா, நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். மத்த நாள் நீங்கதான் நர்ஸ். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை இப்படித் திருப்பிப் படுக்க வைங்க."

"எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். கை பட்டா கத்துறாரு."

"திருப்புறதுக்கு அரை மணி முன்னாடி வலி மாத்திரையைக் குடுத்துடுங்க. அப்புறம் திருப்பிப் பாருங்க."

இப்படி ஒரு சின்ன யோசனை ஒரு வீட்டின் இரவையே மாற்றிவிடும். மூச்சுத்திணறலுக்கும் அப்படித்தான். நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் ஒரு தலையணையில் சாய்ந்துகொள்ளச் சொல்லி, சின்ன ஃபேனை முகத்துக்கு நேரே வைத்தால் திணறல் உணர்வு குறையும். இதை மருத்துவ ஆய்வுகளும் சொல்கின்றன. நோயாளியைச் சுற்றி பத்துப் பேர் நின்று காற்றை மறைப்பதைவிட இது மேல்.

ஓர் எச்சரிக்கை. அரசுச் செவிலியர் யாரும் பணம் கேட்க மாட்டார். கேட்டால் அவர் செவிலியர் இல்லை.

வலிக்கு மார்ஃபின்: பயமும் உண்மையும்

புற்றுநோய் வலி பாரசிட்டமாலில் அடங்காத ஒரு கட்டம் வரும். அப்போது டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினால், "ஐயோ, அது போதை மருந்தாச்சே" என்று வீட்டில் ஒருவர் தடுப்பார். தடுப்பவர் பாசத்தில்தான் தடுக்கிறார். வலியை அனுபவிப்பது படுத்திருப்பவர்.

உலகுக்கே மருத்துவ ஓப்பியம் விளைவித்துக் கொடுக்கும் நாடுகளில் இந்தியா ஒன்று. அப்படியிருந்தும் நம் நோயாளிகளுக்கு அது எட்டாமல் போனது, 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால். ஒரு மாத்திரை வாங்கிவைக்க ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன. எதற்கு வம்பு என்று ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே கைவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. நோய் ஆதரவு சிகிச்சை மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடியபின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்று பிரிக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் ஒன்று இருந்தால் மருத்துவமனை அதை இருப்பு வைக்கலாம் என்றானது.

ஆகவே இது எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று கடை கடையாக அலைய வேண்டாம். வட்டார செவிலியரிடமோ மருத்துவ அலுவலரிடமோ "நமக்குக் கிட்டத்துல மார்ஃபின் எங்க தருவாங்க?" என்று நேராகக் கேளுங்கள். விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், கடலூர் 60, புதுச்சேரி ஜிப்மர் 80. போவதற்கு முன் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். நோயாளி நேரில் போக முடியாதபோது, பதிவான நோயாளியின் குடும்பத்தார் சீட்டுடன் போய் வாங்கிவர முடியுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

மருந்தைப் பற்றி வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே வலி வந்தபின் கொடுப்பதைவிட, டாக்டர் சொன்ன நேரக் கணக்கில் கொடுப்பதுதான் சரி. மொபைலில் அலாரம் வையுங்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்தும் சேர்த்தே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். முதல் சில நாள் தூக்கக்கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பிறகு குறையும். திடீரென்று நிறுத்தக் கூடாது. பூட்டி வையுங்கள், வேறு யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள், மிஞ்சினால் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். டாக்டர் கண்காணிப்பில் வலிக்காக எடுத்துக்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. கடும் மூச்சுத்திணறலுக்கும் குறைந்த அளவில் இதைத் தருவது உண்டு. ஆனால் அந்த முடிவு டாக்டருடையது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆரம்பிக்கக் கூடாது.

சூளை ஊருக்குத் தனியாக ஒரு விஷயம்

பீங்கான் மாவில் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும் சேரும். கல்லை அரைக்கும்போதும், காய்ந்த பொம்மையைத் தேய்த்து மழமழப்பாக்கும்போதும், பட்டறையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி எழும். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கு பிடித்துவிடும். தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய், அங்கே தழும்பாகிவிடும். அதன் பெயர் சிலிகோசிஸ். வந்துவிட்டால் திருப்ப மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் தெரியும். வேலையை விட்டு நின்றபிறகும் கூடலாம். உலகெங்கும் செராமிக் தொழில் இந்த அபாயம் உள்ள தொழில்களில் ஒன்று. (கொலுவுக்கு பொம்மை வாங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். சுட்டு முடிந்த பொம்மையால் ஆபத்து இல்லை.)

சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றிக் குழப்பலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். டி.பி. மருந்து முழுசாகச் சாப்பிட்டும் மூச்சிரைப்பு தீரவில்லை என்றால், "நான் பீங்கான் கம்பெனியில் இத்தனை வருஷம், அரவையில் இருந்தேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும். டாக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். சொன்னதோடு விடாமல், அதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை வருஷம் என்கிற அந்த ஒரு வரிதான் பின்னால் குடும்பத்துக்குப் பணமாக மாறக்கூடிய வரி.

ஏனென்றால் சிலிகோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு இது வேலையில் பட்ட காயத்துக்குச் சமமாகக் கருதப்படும். ஊனப் பயன் உண்டு. அந்த நோயாலேயே இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் பயனும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சாதாரண நோய்ப்பயன் ஆண்டுக்கு 91 நாள், கூலியில் 70 விழுக்காடு. புற்றுநோய் போன்ற, பட்டியலில் உள்ள நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுக்குள் நீட்டிக்கலாம். இதற்கெல்லாம் பங்களிப்பு நாட்கள் குறித்த நிபந்தனைகள் உண்டு. அதனால் உடம்பு முடியவில்லை என்று கோபத்தில் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வருவதற்கு முன், ஈ.எஸ்.ஐ. கிளையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வெளியே வந்தபிறகு கேட்பது கடினம்.

சின்னப் பட்டறையில், ஈ.எஸ்.ஐ. இல்லாமல் வேலை செய்தவர்கள்? மண்பாண்டத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் வேலை அந்த வாரியத்தில் வருமா, வேறு வாரியத்தில் வருமா என்பதைத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்டு, பதிவைப் புதுப்பித்து வையுங்கள். நோய் வந்தபிறகு பதியப் போனால் பல உதவிகள் கைநழுவும்.

பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது

அந்த வீட்டு மனைவியிடம் திரும்புவோம். அவருக்கும் சுகர் இருக்கலாம். மூன்று மாதமாக மாத்திரையை மறந்திருப்பார். வீட்டுவேலைக்குப் போன இடத்தில் சம்பளம் நின்றிருக்கும். "நான் கோவில்வரை போய்ட்டு வரேன்" என்று சொல்லவும் ஆளில்லை. வருகிற எல்லோரும் கேட்பது "அவர் எப்படி இருக்கார்?" என்றுதான்.

இதை உறவினர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவதைவிட, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ தூங்கு என்று சொல்வது பெரிய உதவி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்புகிற நேரத்தில் யார் எந்த நாள் என்று முறை போட்டுக்கொள்ளலாம்.

அந்த அம்மாவும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துகொள்ளலாம். செவிலியர் வரும்போது அவருடைய பிரஷரையும் பார்க்கச் சொல்லலாம். மனது தாங்கவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்த எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. அழுதுகொண்டே பேசினாலும் கேட்பார்கள்.

பணமும் தாளும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கீமோ, கதிர்வீச்சு போன்றவற்றுக்கு இது உதவும். எலும்பில் பரவிய புற்றுநோயின் வலியைக் குறைக்கத் தரும் கதிர்வீச்சு இதில் வருமா என்று 1800 425 3993இல் கேட்டுவிட்டுப் போகலாம். வீட்டுக்கு வரும் செவிலியருக்கு இந்த அட்டை தேவையில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "எங்கிட்ட கார்டு இல்லையே" என்று வீட்டுச் சேவையைக் கேட்காமலே இருப்பவர்கள் உண்டு.

மாற்றுத்திறனாளி அட்டை பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. புற்றுநோய் வந்தாலே அந்த அட்டை கிடைக்கும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கிடைக்கவே கிடைக்காது என்பார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பக்கவாதத்தால் கைகால் செயலிழந்தவர், பார்கின்சன், தசைச்சிதைவு, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உள்ளவர்கள் வருவார்கள். புற்றுநோயால் கால் எடுக்கப்பட்டவரும் இயக்கக் குறைபாட்டில் வருவார். 40 விழுக்காடு இருந்தால் அட்டைக்கு மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் மாநிலத்தில் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

படுத்திருப்பவரை வங்கிக்கு ஆட்டோவில் தூக்கிவந்து கைரேகை வைக்கிற காட்சியை இன்னும் பார்க்கிறோம். அது தேவையில்லை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், டாக்டர் சான்றுள்ள நீண்டகால நோயாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்கு 'ஜீவன் பிரமாண்' செயலியில் முகத்தைக் காட்டினால் போதும். கட்டிலில் சாய்ந்தபடியே செய்துவிடலாம். பி.எஃப். ஓய்வூதியம் வாங்கும் பழைய கம்பெனித் தொழிலாளிக்கும் இது செல்லும்.

கடைசி நாட்கள்

இதைப் பேசத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை. ஆனால் பேசாமல் விட்டால் என்ன நடக்கிறது? "நான் வீட்டுலயே இருக்கேன்" என்று அவர் சொல்லியிருப்பார். மூச்சு மாறிய அந்த ராத்திரியில் பதற்றத்தில் யாரோ 108ஐ அழைத்துவிடுவார்கள். 108 அவசர ஊர்தி. வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், அது அவர்கள் கடமை. வெண்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியை அந்த நேரத்தில் மகனிடம் கேட்பார்கள். அவன் என்ன சொல்வான்?

அவர் தெளிவாக இருக்கும்போதே, செவிலியர் வந்திருக்கும் ஒரு நாளில், அவரையே கேட்டுவிடுவது நல்லது. விரும்பினால் எழுதியும் வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. 18 வயது நிறைந்த, தெளிந்த மனதுள்ள எவரும், இனி தேறாத நிலையில் செயற்கைச் சாதனங்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திடலாம். யார் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் அதில் பெயர் சொல்லி எழுத வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்தது, இப்போது தேவையில்லை. எழுதி வைப்பதால் வலி மருந்தோ கவனிப்போ நிற்காது.

வீட்டில் இயல்பாக நடக்கும் மரணத்துக்கு போலீஸ் வருமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நோயால் நேர்ந்த மரணத்துக்கு அது தேவையில்லை. கவனித்துவந்த டாக்டர் இறப்பின் காரணத்தைப் படிவம் 4ஏ-யில் எழுதித் தர வேண்டும். அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. செவிலியர் வந்துபோன பதிவும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்தால் இது எளிது. சிலிகோசிஸ் உள்ளவர் என்றால் அந்தப் பெயர் படிவத்தில் விடுபடாமல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வெறும் 'மூச்சுத்திணறல்' என்று எழுதிவிட்டால் சார்ந்தோர் பயன் கேட்கும்போது தடுமாற வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனையில் இறந்தால் 155377க்கு அழைத்தால் அமரர் ஊர்தி இலவசமாக வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும். ஊர்தி வந்து நிற்கும் நேரத்தில் தனியார் வண்டிக்காரர்களிடம் பேரம் பேசும் நிலை யாருக்கும் வர வேண்டியதில்லை.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், விருத்தாசலம் நகருக்குள் நகராட்சியில். சான்றிதழை இணையத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பதியும்போதே சரிபாருங்கள். வாரிசுச் சான்று, வங்கி, பி.எஃப். எல்லாமே அந்த எழுத்தில்தான் நிற்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர்க்காரர்கள் வந்திருக்கும்போது யாராவது ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டால், அந்த அம்மா நகராட்சிப் படிக்கட்டு ஏற வேண்டியிருக்காது.